அடுத்தது அக்காவும் பதிவாளரின் முழங்கால் கடிதமும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரைக் கேட்டாலும் அவளை 'அடுத்தது அக்கா' என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சான்றிதழ்ப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நாளுக்கு நூறு தடவை "அடுத்தது!" என்று கூப்பிடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வரும், சொல்லுங்கள். கடைத்தெருவில் காய் வாங்கப் போனால்கூடப் பின்னால் நிற்கிறவன் சும்மா இருக்கமாட்டான். "அக்கா, நீங்க முடிச்சிட்டு 'அடுத்தது' சொல்லுங்க, அப்பதான் நான் நகருவேன்" என்பான். அவளும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவாள்.

மூன்று மாதத் தற்காலிக வேலை என்று சொல்லித்தான் அவளைத் தட்டச்சு செய்யக் கூப்பிட்டார்கள். அது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி வரும்போது அவள் வீட்டுக்காரர், "என்ன, அந்த மூணு மாசம் இன்னும் முடியலையா?" என்று தவறாமல் கேட்பார். அவருக்கு வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒன்று, இவர் காலடியில் ஒன்று என்று இரண்டு பிரேக் வைத்த பழைய கார் அவருடையது. கல்யாணத்துக்கும் இப்படி ரெண்டு பிரேக் வைத்திருக்கலாம் என்பது அவருடைய நிரந்தரமான நகைச்சுவை. அக்கா அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பத்து வருஷம் இருக்கும், அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

சான்றிதழ்ப் பிரிவில், அதற்கு மூத்தவளான அக்காவைச் சேர்க்காமல், ஆறு பேர். சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அலமாரி முழுக்க மதிப்பெண் பேரேடுகள். படித்து முடித்துப் போன மாணவன் ஒருவன் வந்து சான்றிதழ் கேட்டால், ஏணி போட்டு ஏறிப் பேரேட்டை இறக்கி, தூசி தட்டி, மதிப்பெண்களைக் கையால் பெயர்த்தெழுதி, இன்னொருவர் சரிபார்த்து, தட்டச்சு செய்து, கடைசியில் பதிவாளரிடம் போகவேண்டும். பதிவாளர் என்றால் அங்கே துணைவேந்தருக்கு அடுத்த பெரிய ஆள். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுத் தாள்கூட வாசலைத் தாண்டாது. இத்தனையும் முடிய ஒரு மாதம் ஆகும். ஏணியில் ஏறுகிறவருக்குத் தும்மல் வந்தால் ஒன்றரை மாதம்.

இதைச் சரிசெய்யக் கணினி வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! முதலாவது, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் வாங்கிவிட்டது, நாம் வாங்காவிட்டால் மானம் போய்விடும் என்று வாங்கியது. பெட்டி வந்தது, மேசை வந்தது, யார் அதில் வேலை செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசம் வாங்காத கதை. இரண்டாவது தடவை அதைத் தெரிந்த ஆள் இருந்தார். ஒரே ஓர் ஆள். அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனபோது கடவுச்சொல்லும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இரண்டும் இப்போது மாடிப்படிக்குக் கீழே சாமான் அறையில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன.

மூன்றாவது வந்தபோது நாடா வெட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பதிவாளர் மேடையேறி, "இன்றோடு காகிதத்துக்கு விடை கொடுக்கிறோம்" என்று பேசினார். நல்ல கைதட்டல். மறுநாள் காலையில் எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி காகிதம் கிடையாது என்று காகிதத்தில் அடித்து, மும்மூன்று பிரதி. 'பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையொப்பமிட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பவும்' என்று அடியில் ஒரு வரி வேறு.

அதைப் பார்த்தபோதே அக்கா உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அந்தத் திட்டம் பிடித்துவிட்டது. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் கண்ணில் ஏணியே தெரியவில்லை. பிரிவில் ஆறு பேரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்:

"பாருங்க, பழைய பேரேடு எல்லாத்தையும் நாம இதுல ஏத்திட்டா, கையால எழுதுறது அதோட முடிஞ்சுது. ஏணி கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போறோம்."

ஆறு பேரில் ஒருத்தி தடித்த கண்ணாடி போட்டவள். எல்லாருக்கும் அவள் 'கண்ணாடி'. வாய் கொஞ்சம் அதிகம், வேலை அதைவிட அதிகம். அவள் கேட்டாள்: "அக்கா, ஒண்ணே ஒண்ணு. இது மேலிடத்து வாக்கா, உங்க வாக்கா?"

"என் வாக்கு" என்றாள் அக்கா.

"அப்பச் சரி" என்று கண்ணாடி முதல் பேரேட்டை இறக்கினாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆறு பேரும் உழைத்த உழைப்பு! நாற்பத்தோராயிரம் மாணவர்களின் மதிப்பெண்கள், பதினான்கு மாதம். வழக்கமான வேலையும் கூடவே நடந்தது. ஒருவர் விரல் வீங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு அடித்தார். கண்ணாடிக்குக் கண்ணாடி இரண்டு தடவை மாறியது. கடைசிப் பேரேடு முடிந்த அன்று எல்லாரும் எழுந்து நின்று, யாரைப் பார்த்து என்று தெரியாமலே கைதட்டினார்கள்.

அப்புறம்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

புது முறையில் ஒரு சான்றிதழுக்கு ஐந்து படி. நான்கு படியும் இவர்கள் பிரிவிலேயே அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்தாவது படி பதிவாளரின் ஒப்புதல். திரையில் 'பதிவாளர் மேசை' என்று ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. விடுப்பு, அனுமதி என்று மற்றவற்றுக்கும் ஒவ்வோர் அதிகாரி பெயரிலும் இப்படி ஒரு மேசை உண்டு. அவர் தன் கணினியில் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கினால் புள்ளி பச்சையாகும், கீழே சான்றிதழ் தானாக அச்சாகும். அவ்வளவுதான். அந்த ஒரு பொத்தானை அவர் அமுக்கவில்லை. "அச்செடுத்துக் கோப்புல வச்சு அனுப்புங்க" என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூனிடம் சொல்லி அனுப்பினார். அறைக்குள்ளிருந்து மணி அடித்த மாத்திரத்தில் எழுந்து நிற்பதால் அந்தப் பியூனுக்கு 'பெல் அண்ணன்' என்று பெயர்.

சரியென்று அச்செடுத்து அனுப்பினார்கள். ஊதா மையில் கையெழுத்து வந்தது, திரையில் புள்ளி மட்டும் சிவப்பாகவே நின்றது. கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பேரேட்டில் பதியவேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. ஆக, கணினியிலும் வேலை, கையாலும் வேலை. முன்பு ஆறு மணிக்காவது வீட்டுக்குப் போனவர்கள் இப்போது ஏழரைக்குப் போனார்கள். ஏணி மறுபடியும் சுவரில் சாய்ந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஏழு பேரும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், சாமி கண்ணைத் திறக்கக் காணோம்!

இந்த நேரம் பார்த்துத் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இதுவும் காகிதம்தான். மூன்று வாரத்தில் ஆட்சிக்குழு கூடும், கணினித் திட்டம் முறையாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்றால் அன்றே நிறுத்தப்படும் என்று இருந்தது. 'ஊழியர்கள் புதிய முறைக்கு ஒத்துழைக்காததால்' என்று காரணமும் போட்டிருந்தார்கள்.

கண்ணாடி அதைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அக்கா, நாம ஒத்துழைக்கலையாம்."

யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். பதினான்கு மாதத்தைச் சாமான் அறையில் மூன்றாவது பெட்டியாக அடுக்கப்போகிறார்கள். தான் கொடுத்த வாக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். இனி இந்த அறையில் யாரிடம் எந்த வேலையைச் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது? அக்கா எழுந்து நேராகப் பதிவாளர் அறைக்குப் போனாள்.

"சார் ரொம்ப வேலையா இருக்காரும்மா" என்றார் பெல் அண்ணன்.

"நானும்தான்" என்று உள்ளே போய்விட்டாள்.

பதிவாளர் பெரிய உடம்புக்காரர், மெல்லிய குரல்காரர். யாரையும் அதட்டிப் பழக்கமில்லை. நிமிர்ந்து பார்த்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்றார்.

"சார், உங்க மேசையில ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு சான்றிதழ் காத்துக்கிட்டிருக்கு."

அவர் மேசையை மேலும் கீழும் பார்த்தார். "எங்கம்மா? மேசை காலியாத்தானே இருக்கு?"

"அதுக்குள்ள சார்."

அவள் காட்டிய மூலையில் கணினி இருந்தது. அளவெடுத்துத் தைத்த பூப்போட்ட துணியுறைக்குள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு இருந்தது. அதற்கென்று சுவரில் வைத்த பிளக் பாயிண்டில் வெந்நீர்க் கெட்டிலின் வயர் சொருகியிருந்தது. கெட்டில் சூடாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அதுல நான் கை வைக்கறதில்லம்மா" என்றார் பதிவாளர்.

"ஏன் சார்?"

"உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

அப்போதுதான் அவளுக்கு முழங்கால் கடிதம் ஞாபகம் வந்தது. திட்டம் தொடங்கிய இரண்டாம் நாள், பதிவாளர் புதிய மின்னஞ்சலைப் பழகிப் பார்க்கலாம் என்று வெளியூரிலிருக்கும் தம் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'அன்புள்ள அக்கா, நீ சொன்ன எண்ணெயை வலது முழங்காலில் மூன்று வேளையும் தேய்க்கிறேன். வலி குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் வாசனை தாங்காமல் வீட்டு நாய் என்னைக் கண்டால் எழுந்து போய்விடுகிறது...' என்று போகிறது அது. அனுப்பும்போது எதையோ மாற்றி அமுக்கிவிட்டார். கடிதம் பல்கலைக்கழகத்தின் தொள்ளாயிரம் பேருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவர் நடைபாதையில் வந்தபோது, துறைத்தலைவர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், முழங்கால் எப்படி இருக்கு?"

"கேலி பண்ணிட்டாங்கம்மா" என்றார் இப்போது. முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்குப் போர்த்தினதுதான். மறுபடி ஒரு பட்டனை அமுக்கி, யாரோ ஒரு பையனோட மார்க்கு மாறிப்போச்சுன்னா? கையெழுத்துன்னா எனக்குத் தெரியும். என் கை, என் பேனா."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"சார், நானும் அந்தக் கடிதத்தைப் படிச்சேன். நாய் வர்ற இடத்துல நல்லாச் சிரிச்சேன். ஆனா அந்த எண்ணெய் பேரை எழுதியும் வச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு நாள் முழுக்கக் கார்ல உட்கார்ந்து முழங்கால் போச்சு. இப்ப மாடிப்படி ஏறுறாரு சார்."

பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜமாவா? அவருக்குக் கேக்குதா?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"நான் தேய்க்கறதையே நிறுத்திட்டேனே, வெட்கத்துல!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர், "பாக்கலாம்மா" என்று கோப்பை எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் 'பாக்கலாம்' என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். இருபத்தேழு வருஷத்தில் இதுகூடத் தெரியாதா அவளுக்கு?

வீட்டில் சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுல என்ன இருக்கு? என்கிட்ட பேங்க் மேனேஜர் வந்தார், டாக்டர் வந்தார். பெரிய ஆளுங்க யாரும் நடுரோட்டுல கத்துக்கமாட்டாங்க. தெரிஞ்சவன் எவனாவது பாத்துருவானோன்னு கை நடுங்கும். விடியக்காலம் காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். அப்புறம் ஒண்ணு சொல்லுவேன், 'சார், என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, நீங்க எதை வேணா அமுக்குங்க'ன்னு. அதுக்கப்புறம்தான் ஸ்டீயரிங்கைத் தொடுவாங்க."

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற?"

"இல்ல, அந்த ரெண்டு பிரேக் ஜோக்குக்கு இனிமே சிரிக்கலாம்னு பாக்கறேன்."

மறுநாள் பதிவாளரிடம் போய்ச் சொன்னாள்: "சார், காலையில ஏழரைக்கு இந்தக் கட்டடத்துல ஈ காக்கா இருக்காது. தினம் அரைமணி நேரம். பழகறதுக்குன்னே ஒரு தனிப் பக்கம் இருக்கு, அதுல இருக்கற மாணவர்கள் யாரும் நிஜம் இல்ல. நீங்க எதை அமுக்கினாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அப்புறம், உங்க மின்னஞ்சல்ல 'எல்லாருக்கும்'னு ஒரு இடம் இருந்துச்சு பாருங்க, அதை எடுக்கச் சொல்லிட்டேன்."

"எடுத்தாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் எழுந்துபோய்த் தாமே கெட்டிலின் வயரைப் பிடுங்கினார்.

அதிலிருந்து தினமும் ஏழரைக்கு வகுப்பு. பெல் அண்ணன் வாசலில் காவல். சீக்கிரம் வந்துவிட்ட யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால், "சார் உடற்பயிற்சி பண்றாரு, முழங்காலுக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே பதிவாளர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார். கிடைத்தால் "ஆங், மாட்டிக்கிச்சு!" என்பார். முதல் நாள் கடவுச்சொல் அடிக்கவே இருபது நிமிஷம். மூன்றாம் நாள் பொய் மாணவர் இருவரை ஒப்புதல் செய்து, ஒருவரைத் தவறாக நிராகரித்து, "ஐயோ, அந்தப் பிள்ளை பாவம்" என்று பதறினார். "அப்படியொரு பிள்ளையே இல்ல சார்" என்றாள் அக்கா. "இருந்தாலும்" என்றார் அவர், மறுபடி தேடி எடுத்து ஒப்புதல் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். எண்ணெயும் திரும்பத் தொடங்கியது, அறையே அதன் வாசனை. பெல் அண்ணன் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. நிஜச் சான்றிதழ்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தால், பதிவாளரின் விரல் பொத்தானுக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிடும். "நாளைக்குப் பாக்கலாம்மா" என்பார். நாளைக்கு நாளைக்கு என்றே கூட்டத்துக்கு முந்தைய நாளும் வந்துவிட்டது. சிவப்புப் புள்ளிகள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டன. பிரிவில் ஆறு பேருக்கும் இந்த ஏழரை மணி வகுப்பு தெரியாது. பதிவாளர் மானத்தை விற்று வாக்கைக் காப்பாற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தன்று திரையில் காட்டுவதற்காக அக்காவைக் கணினியோடு கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நீள மேசை, சுற்றிலும் துறைத்தலைவர்கள், நடுவில் துணைவேந்தர். அவர் கண்டிப்பான அம்மாள், ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்கும் வழக்கம் கிடையாது. திட்டத்தின் பெயர் வந்ததும், அறிவியல் துறைத்தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"திட்டம் நல்ல திட்டம்தான் மேடம். கீழ இருக்கற ஊழியர்கள்தான் மாற மாட்டேங்கறாங்க. பழகின கை."

துணைவேந்தர் பேனாவைத் திறந்தார். நிறுத்துவதற்கான தீர்மானம் எழுதித் தயாராக அவர் முன்னால் இருந்தது.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. பதிவாளர் எழுந்து நின்றிருந்தார்.

"கீழ இல்ல மேடம்" என்றார், அதே மெல்லிய குரலில். "மேல. நான்தான். அந்தப் பிரிவுல ஏழு பேரு நாற்பத்தோராயிரம் பேரோட மார்க்கை ஏத்தி முடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் என் மேசையில வந்து நிக்குது. காகிதத்துக்கு விடை கொடுத்தோம்னு மேடையில பேசினதும் நான்தான், காகிதம் கொண்டான்னு சொன்னதும் நான்தான். எனக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம்."

அவர் மேசையைச் சுற்றி நடந்து அக்காவின் பக்கம் வந்தார். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று உட்கார்ந்தார். ஒற்றை விரல் நீண்டது. பெரிய திரையில் எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தார். மேசைக்கடியில் அக்காவின் வலது கால் இல்லாத பிரேக் ஒன்றை முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது.

பக்கம் திறந்தது. முதல் பெயர். மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. நின்றது. அப்புறம் இறங்கியது.

சிவப்பு பச்சையானது.

"இந்தத் தடவை எல்லாருக்கும் போகலையே?" என்று திரும்பிக் கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அப்புறம் மேசை முழுக்கச் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அறிவியல் துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அந்த எண்ணெய்ல நானும் ரெண்டு பாட்டில் வாங்கினேன். நன்றி சொல்லத்தான் அன்னைக்கு முழங்காலைப் பத்திக் கேட்டேன், நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க" என்றார்.

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். இரண்டு மாடி ஏறி ஓடிவந்து, கதவைத் தட்டாமல், ஆட்சிக்குழுவின் நடுவில் வந்து நின்றாள் கண்ணாடி. கையில் சூடு ஆறாத ஒரு தாள்.

"அக்கா! தானா வந்துச்சு! யாரும் தொடல, அதுவா அடிச்சுத் தள்ளிச்சு!" என்றாள். அப்புறம்தான் சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துணைவேந்தர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "சரி. மத்தவங்க மேசையில எத்தனை சிவப்பு இருக்கு?" என்று கேட்டார். துறைத்தலைவர்கள் எல்லாரும் விட்டத்தில் என்னவோ பார்த்தார்கள். "என் மேசையில?"

அக்கா திரையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஒரு நொடி தயங்கினாள். "நாற்பத்தி மூணு, மேடம்."

துணைவேந்தர் பேனாவால் தீர்மானத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "அந்த ஏழரை மணி வகுப்புல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்றார் தணிந்த குரலில். வகுப்பு அவருக்கு எப்படித் தெரியும் என்று அக்கா திகைத்தாள். பெல் அண்ணனுக்கும் துணைவேந்தரின் ஓட்டுநருக்கும் டீக்கடை ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் பதிவாளர் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. யார் கொண்டுவந்தாலும், "கணினில அனுப்புங்க" என்று திருப்பிவிட்டார். ஒரு துறைத்தலைவர் கோபித்துக்கொண்டு போனார், மறுநாள் கணினியில் அனுப்பினார். பேரேட்டில் பதியும் அந்தப் பழைய விதியைப் பதிவாளரே எடுத்தார். ஆயிரத்து ஐந்நூறு சிவப்பும் ஒன்பதே நாளில் பச்சையானது. சான்றிதழ்ப் பிரிவு ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டது. முதல் இரண்டு நாள் ஆறு பேரும் வாசலில் நின்று வெயிலைப் பார்த்து, இவ்வளவு வெளிச்சத்தில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாகக் கடலைப் பார்க்கப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாள் விடுப்பு எடுக்க முடிவு செய்தாள். நல்ல தாளாக எடுத்து, கோடு போட்டு, தன் முத்து முத்தான கையெழுத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதி, மூன்று பிரதி எடுத்து, கோப்பில் வைத்து நாடா கட்டிப் பெல் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் கோப்பு திரும்பி வந்தது. பெல் அண்ணன் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணாடி கோப்பைப் பிடுங்கிப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். ஊதா மையில் ஒரே வரி:

'காகிதம் ஏற்கப்படமாட்டாது. கணினி வழியாக அனுப்பவும்.'

பிரிவு அதிர்ந்தது. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு விஷயம் புரியாவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருபத்தேழு வருஷக் கை! என்ன செய்யச் சொல்றீங்க?" என்று தானும் சிரித்தபடி கணினியில் விண்ணப்பத்தை அடித்து அனுப்பினாள். சிவப்புப் புள்ளி வந்தது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுப்பதற்குள் அது பச்சையாகிவிட்டது. கீழே ஒரு குறிப்பு: 'ஒப்புதல். போய்வாருங்கள் அம்மா. கடற்காற்று முழங்காலுக்கு ஆகாது, அவருக்கு எண்ணெய் எடுத்துப் போகவும்.'

"இவ்வளவையும் ஒத்தை விரல்ல அடிச்சிருக்காரு" என்றார் பெல் அண்ணன், பெருமையாக.

கண்ணாடி மெல்ல அக்காவின் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேனே, இது யார் வாக்குன்னு."

"கேட்ட."

"இனிமே கேக்கமாட்டேன்."

அக்காவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை மறைக்கவும் வழியில்லை, மறைக்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும் போதும், மணி அஞ்சாகப் போகுது, எல்லாரும் பையை எடுங்க" என்றாள்.